ஏ-32 றோட்டால மன்னாருக்கு: பூநாரை, கழுதை, வழியில கிடைச்ச சனம்

#1 வடலி (கோண்டாவில்)

(திருத்தம்: முதல் எழுதேக்க பூநாரை நிண்ட இடத்தை அடையாளத்தோட போட்டிருந்தனான். 5ஆம் பதிவு வந்த பிறகு எடுத்திட்டன்.)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிஞ்ச கிழமை நானும் மனுசியும் ஒன்பது வயது மகனும் மாமாவின்ர பழைய வானில மன்னாருக்குப் போய் ஒரு இரவு தங்கி வந்தனாங்கள். ஏ-9 ஆல எத்தினையோ தரம் போயிருக்கிறன். யாழ்ப்பாணத்திலயிருந்து பூநகரியால மன்னாருக்குப் போற இந்த ஏ-32 றோட்டில ஆறுதலா நிண்டு போனது இதுதான் முதல் தரம். அறிஞ்சவை நீங்களும் எழுதுங்கோ எண்டுதான் இதைத் தொடங்கிறன்.

விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டம். நாவற்குழியில ஏ-9 ஐ விட்டு இறங்கினாப் பிறகு வாகனமே இல்லை. தனங்கிளப்பு தாண்ட வெளிக்கத் தொடங்கீட்டுது. ரெண்டு பக்கமும் பரவைக்கடல், கணுக்கால் அளவு தண்ணி, அதுக்குள்ள எங்க பாத்தாலும் கொக்கும் நாரையும். மகன் "அப்பா, அங்கால றோஸ் கலரில ஒரு கோடு" எண்டான். தொலைநோக்கியால பாத்தா அவ்வளவும் பூநாரை.

நான் அவசரத்தில வானை ஓரங்கட்டி இறங்கிக் கதவைச் சாத்தினன். கோட்டின்ர ஒரு பக்கம் அப்பிடியே எழும்பிச்சுது. சிறகுவலை பாக்க வந்த ஒரு ஐயா, இடுப்பளவுக்கு நனைஞ்சபடி கரையேறி வந்து மெதுவாச் சொன்னார்: "தம்பி, கதவை அடிச்சுச் சாத்தாதையுங்கோ. உதுகளுக்கு எங்களில பயமில்லை. நாங்கள் நாளாந்தம் பக்கத்தால நடக்கிறம், தலையைக்கூட எடுக்காதுகள். வாகனச் சத்தம்தான் பிடிக்காது."

கவிட்டுப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால எங்களை இருத்தினார். அரை மணித்தியாலம் ஒருத்தரும் கதைக்கேல்லை. எழும்பிப் போனதுகள் ஒவ்வொண்டா வந்து இறங்கிச்சுதுகள். மகன் காதுக்குள்ள கேட்டான், ஏன் சிலது மட்டும் ஊத்தையாச் சாம்பல் நிறத்தில நிக்குது எண்டு. ஐயாவுக்குக் கேட்டிட்டுது. "அதுகள் குஞ்சுகள் ராசா. இன்னும் நிறம் பிடிக்கேல்லை. திண்டு திண்டுதான் சிவக்கும்." பெடியன் கொப்பியில அதை அப்பிடியே எழுதி வைச்சிருக்கிறான்.

பிறகு சங்குப்பிட்டிப் பாலம். 2011 தை மாசம் திறந்த 288 மீற்றர் பாலம். அதுக்கு முந்தி கேரதீவுக் கரையில காத்திருந்து பாதையில ஏறித்தான் அங்கால போறது. நான் சின்னப்பெடியனா அப்பாவோட ஏறின ஞாபகம் மங்கலா இருக்கு. பாலத்துக்கு மேல செம்பிராந்து ஒண்டு எங்கட உயரத்துக்கே மிதந்து வந்துது.

பூநகரி தாண்டி முழங்காவிலுக்குக் கிட்ட பின் ரயர் காத்துப் போட்டுது. ஸ்பெயர் ரயர் இருந்தது, ஜாக்கி இல்லை. பத்து நிமிசத்தில ஒரு ற்றக்ரர் வந்து நிண்டுது. ஓடிக்கொண்டு வந்த அண்ணை ஒண்டும் கேக்காமல் இறங்கி, வீட்டில ஜாக்கி இருக்கு எண்டு மகனையும் ஏத்திக்கொண்டு போனார். எங்களுக்கு ஒரு கணம் திக்கெண்டுதான் இருந்தது. திரும்பி வரேக்க ஜாக்கியோட அவற்ர தாயும் வந்தா, கையில ஒரு செம்பு மோர். ரயர் மாத்தி முடிய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மத்தியானச் சாப்பாடும் தந்தவை. மொட்டைக்கறுப்பன் சோறு, முருங்கைக்காய்க் கறி, மோர்மிளகாய். பூநகரி மொட்டைக்கறுப்பனை நான் யாழ்ப்பாணத்தில விலை குடுத்து வாங்கிறனான். ஆனா விளைஞ்ச மண்ணிலயிருந்து திண்டது இதுதான் முதல். வெளிக்கிடேக்க மனுசி காசு நீட்ட, ஆச்சி கையைப் பிடிச்சு மூடிவிட்டா. "காசை வைச்சிட்டுப் போனியளெண்டா கடன் தீந்துபோம் பிள்ளை. பிறகு வரேக்க இந்தப் பக்கம் பாக்க மாட்டியள்."

வழிக்கெண்டு கட்டிக்கொண்டு போன பருத்தித்துறை வடைப் பை ஒண்டு இருந்தது. அதை மட்டும் வாங்கினா.

வெள்ளாங்குளம் தாண்டினாப் பிறகு றோட்டுக்குக் குறுக்கால ஒரு கட்டாமை, முதுகில நட்சத்திரம் போட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ரெண்டு பெடியள் சைக்கிளைப் போட்டிட்டு வந்து, அது எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு போச்சுதோ அந்தப் பக்கமே தூக்கி விட்டவங்கள். "மற்றப் பக்கம் விட்டா திரும்பவும் கடக்க வரும் அங்கிள்" எண்டு எனக்கு விளங்கப்படுத்தினவன் ஏழாம் வகுப்பு.

மன்னார் ரவுண்ல கழுதையள் கடை வாசல்ல படுத்திருக்குதுகள். மகன் ஒண்டுக்குப் பிஸ்கற் நீட்டப்போக, கடைக்கார அக்கா வேண்டாமெண்டு மறிச்சா. அதின்ர விளக்கத்தை மன்னார் ஆக்கள் ஆரும் எழுதினா நல்லம்.

ஒரு எச்சரிக்கை. திரும்பி வரேக்க இருட்டிப் போட்டுது. இலுப்பைக்கடவையிலயிருந்து பூநகரி மட்டும் நடு றோட்டில மாடுகள் படுத்திருக்குதுகள். தார் சூட்டுக்கு வந்து படுக்கிறதுகள். கறுத்த மாடு வெளிச்சத்திலயும் கடைசி நேரத்தில்தான் தெரியுது. ரெண்டு தரம் மயிரிழையில தப்பினம். ஆறு மணிக்கு முன்னம் இந்த றோட்டை முடிச்சிடுங்கோ.

#2 உப்புக்காத்து (மன்னார்)

வடலி அண்ணை, எங்கட ஊரை வடிவா எழுதியிருக்கிறியள்.

கழுதை விசயம். அராபிய வணிகர் காலத்தில பொதி சுமக்க வந்த கழுதையின்ர வழி எண்டுதான் எங்கட பெரியாக்கள் சொல்லுறவை. லொறி வந்த பிறகு ஒருத்தருக்கும் தேவையில்லாமல் றோட்டுக்கு வந்ததுகள். ராவில வாகனம் அடிக்குது, குப்பையில பொலித்தீனோட சேத்துத் திண்டு வயிறு ஊதிச் சாகுது. இதுகளைப் பாக்கவெண்டே இங்க ஒரு கழுதை வைத்திய நிலையம் தொடங்கினவை. பிஸ்கற், பாண் குடுத்துப் பழக்கினா வாகனத்தைக் கண்டவுடன கிட்ட ஓடி வருங்கள். அந்தப் பழக்கம்தான் அதுகளைக் கொல்லுது. அக்கா மறிச்சது அதுக்குத்தான்.

பள்ளிமுனைப் பெருக்கமரம் பாத்தனீங்களோ? சுற்றளவு 19.5 மீற்றர். உயரம் அவ்வளவில்லை. யானைக்கால் மாதிரி அடி பெருத்து நிக்கும். ஆபிரிக்க மரம். அதையும் கழுதையோட வந்த அதே வணிகர்தான் கொண்டுவந்தவையெண்டு கதை.

அடுத்த முறை வரேக்க மன்னார்ப் பாலம் ஏற முன்னம் வங்காலைப் பக்கம் திரும்புங்கோ. 2008 இல சரணாலயமாக்கினது, 2010 இல முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச றம்சார் பட்டியல்ல சேத்தவை. தை, மாசியில காட்டுத்தாராக்கள் ஆயிரக்கணக்கில மிதக்கும். சத்தமே ஒரு சந்தை மாதிரி இருக்கும். மன்னார்த் தீவிலயிருந்து செய்மதிக் கருவி பூட்டிவிட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின்ர வடமுனைக் கரை மட்டும் பறந்து போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் பதிஞ்சவை. அப்பிடித் தூரத்துப் பறவை வந்து இறங்கிற தீவின்ர தென்கரையில 2020 கடைசியிலயிருந்து 30 காற்றாலை சுத்துது. கரண்ட் வேணும், மறுக்கேல்லை. இன்னும் நடப்போகினம் எண்டு கேக்கேக்கதான் நெஞ்சு பதறுது.

#3 ரெண்டு பிள்ளையின் அம்மா (ஸ்காபரோ, கனடா)

வாசிக்க வாசிக்க அழுகை வந்திட்டுது. ஆச்சி சொன்ன அந்த வசனம் என்ர அம்மம்மா சொல்லுற மாதிரியே இருக்கு.

மாசி நடுப்பகுதியில 11 வயது மகளையும் 8 வயது மகனையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வாறன். ரெண்டு பேரும் முதல் தரம். நாங்கள் வெளிக்கிட்டது 1995 சண்டை நேரத்து இடம்பெயர்வில. இடுப்பில தம்பியோட நாவற்குழிப் பாலம் கடந்தது மட்டும்தான் எனக்கு அந்தப் பக்கத்து ஞாபகம். அதே வழியால பிள்ளையளைப் பூநாரை பாக்கக் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு இப்ப ஆசையா இருக்கு.

பூநாரை நிண்ட இடத்தை வரைபடத்தில குத்தி அனுப்புவியளோ? கழிப்பறை வசதி எங்க இருக்கு? பிள்ளையளுக்குத் தண்ணி, சாப்பாடு?

#4 கோடிக்கரை (வேதாரண்யம்)

தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன். உங்கள் பேச்சுத் தமிழை வாய்விட்டுப் படித்தேன், முக்கால்வாசி புரிந்தது. "பாதை" என்றால் தண்ணீரைக் கடக்கும் மிதவை என்று யூகித்தேன், சரிதானா?

எங்கள் ஊரிலிருந்து உங்கள் கரை கடல்வழியே ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். கோடியக்கரை சரணாலயம் 1967இல் வந்தது. வெளிமான், சொந்தக்காரன் இல்லாமல் திரியும் மட்டக்குதிரைகள், குளிர்காலத்தில் உப்பளத்தை ஒட்டிப் பூநாரை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரே நிலம் நடுவில் கொஞ்சம் தண்ணீரில் நனைந்துவிட்டது போல இருக்கிறது. உங்கள் நெடுந்தீவிலும் குதிரைகள் உண்டு என்று கேள்விப்பட்டேன். யாராவது எழுதுங்களேன்.

#5 உள்ளான் (சாவகச்சேரி)

வடலி, உங்கட பதிவு நல்லம். ஆனா அந்த இடத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கோ. ஏனெண்டு சொல்லுறன்.

போன வருசம் வேற ஒரு தரவை வெளியில பூநாரை இறங்கினதை நான் படமெடுத்து, இடத்தையும் குத்திப் போட்டனான். சந்தோசத்திலதான் போட்டது. அடுத்த சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இருவது முப்பது வாகனம். கலியாணப் படம் எடுக்கிற ஆக்கள் ட்ரோன் விட்டுப் பறவையளை எழுப்பி, பொம்பிளை மாப்பிளைக்குப் பின்னால பறக்க வைச்சுப் படமெடுத்தவை. ஒரு பொழுதில ஆறு தரம் எழுப்பினவை. நான் எண்ணினனான். மூண்டாம் நாள் அந்தத் தரவையில ஒரு பறவையும் இல்லை. பிறகு அந்தப் பருவம் முழுக்க வரேல்லை.

அங்க வலை போடுற ஆக்கள் என்னைத்தான் கேட்டவை: "நீங்களோ தம்பி இதைப் போட்டது?" ஓம் எண்டு சொல்ல வேண்டி வந்தது. அந்த முகங்களை இண்டைக்கும் மறக்கேலாது.

றோட்டைச் சொல்லுங்கோ, காலத்தைச் சொல்லுங்கோ. நிக்கிற இடத்தைப் பொதுவில சொல்ல வேண்டாம்.

#6 ரெண்டு பிள்ளையின் அம்மா (ஸ்காபரோ)

உள்ளான், உங்கட கவலை விளங்குது. ஆனா எனக்குக் கொஞ்சம் நோகுது. ட்ரோன் விட்டவையையும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறவையையும் ஒரு தராசில வைக்கிறியள். எனக்கு அங்க இருக்கிறது பத்து நாள். சொந்தக்காரர் வீடு, கோயில், காணி அலுவல் எல்லாம் போக ஒரு விடியப்புறம்தான் மிஞ்சும். இடம் தெரியாமல் போய்த் திரும்பி வந்தா, பிள்ளையள் இந்த ஊரைச் சுவரும் சொந்தக்காரரும் எண்டு மட்டும்தான் நினைச்சுக்கொண்டு போகுங்கள். அது சரியோ?

#7 விலங்கியல் ரீச்சர் (மானிப்பாய்)

இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள் நான். பறவையை எழுப்புவது ஏன் பெரிய விசயம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத்தான் உண்ணும். அலகின் ஓரத்தில் சீப்புப்பல் மாதிரி வரிசை இருக்கிறது. நாக்கு பம்பி போலத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, சேற்றிலுள்ள சின்ன உயிர்களும் பாசியும் அந்த வரிசையில் தங்கும். ஒரு நாள் வயிறு நிரம்ப மணிக்கணக்காக இப்படி நிற்கவேண்டும். எழும்புவதும் அதற்கு லேசானதல்ல. பாரமான உடம்பு, தண்ணீருக்கு மேல் சில அடி ஓடித்தான் மேலெழும். ஒவ்வொரு முறையும் உண்ணும் நேரமும் போகிறது, உண்டதும் செலவாகிறது. இந்தியாவில் இது பெருந்தொகையாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கச்சு உப்புவெளி. அவ்வளவு தூரம் போகவல்ல பறவைக்கு இங்கே கிடைக்கும் தீனிதான் வழிச்செலவு. ஒரு காலையில் ஆறு தரம் எழுப்பினால் பறவை வேறு முடிவு எடுக்கத்தான் செய்யும்.

அந்த ஐயா சொன்னது முழுக்கச் சரி. குஞ்சு சாம்பல் நிறம். உண்ணும் பாசியிலும் இறால் வகையிலும் உள்ள நிறமிதான் இறகைச் சிவக்க வைக்கிறது. நான் கரும்பலகையில் அரை மணித்தியாலம் எடுப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஸ்காபரோத் தங்கச்சி, உங்கள் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கவேண்டும். அதிலே எனக்குச் சந்தேகமே இல்லை.

#8 பெருக்கமரத்தடி (நெடுந்தீவு)

வேதாரண்யத்து அண்ணை கேட்டபடியால் எழுதிறன். ஓம், எங்கட தீவில குதிரையள் இருக்கு. போத்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையின்ர வழி. ஆரும் கட்டி வளர்க்கிறேல்லை. தெற்குப் பக்கத்து வெளியில கூட்டமாத் திரியும். ஒரு ஆண், அதோட நாலஞ்சு பெட்டை, குட்டியள். 2015 இல அந்தப் பக்கத்தைத் தேசிய பூங்காவா அறிவிச்சவை.

வாற ஆக்கள் படத்தில காணாத ஒண்டைச் சொல்லவேணும். மழைக்குப் பிறகு கார்த்திகையிலயிருந்து மாசி மட்டும் புல்லு பச்சை, குதிரை பளபளெண்டு நிக்கும். ஆடி, ஆவணியில வந்து பாருங்கோ. தரை வெடிச்சு, விலா எலும்பு எண்ணலாம். தீவில நல்ல தண்ணி சில இடத்தில்தான், சாராப்பிட்டிக் கிணறு மாதிரி. சனத்துக்கே கணக்குப் பாத்துத்தான். எண்டாலும் எங்கட வீட்டுக்கு அங்கால தரவையோரம் இருக்கிற ஒரு அப்பு, வரட்சி வந்தா விடிய நாலு மணிக்கு எழும்பித் துலாவால அள்ளித் தொட்டி நிரப்புவார். "என்ர மாடு குடிக்கேக்க அதுகள் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குத் தண்ணி இறங்காது" எண்டுவார். ஒருத்தரும் அவரைப் படமெடுத்ததில்லை.

வாறவை செய்யக்கூடாதது: ஓட்டோவில துரத்திப் படமெடுக்கிறது, குட்டிக்கும் தாய்க்கும் நடுவில போறது, வெறும் போத்தலை வெளியில எறியிறது. முருகைக்கல் வேலியில ஏறி நிக்காதையுங்கோ. சாந்து இல்லாமல் அடுக்கின கல்லு. ஒண்டு சரிஞ்சா அந்த வீட்டுக்காரர்தான் திரும்ப அடுக்கோணும்.

குறிகட்டுவானிலயிருந்து படகு ஒரு மணித்தியாலம் ஓடும். கடைசிப் படகு நேரத்தை இறங்கினவுடனயே கேட்டு வையுங்கோ. விட்டாலும் பயமில்லை, ஆராவது ஒரு வீட்டில பாய் போட்டுத் தருவினம். ஆனா அதை நம்பி வராதையுங்கோ.

#9 கோடிக்கரை (வேதாரண்யம்)

நெடுந்தீவுச் சகோதரி, அந்த அப்பு பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கமும் கோடையில் குதிரைகளுக்கு இதே பாடுதான். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#10 மூண்டுசில்லு (பூநகரி)

நான் பூநகரியில ஓட்டோ ஓடுறன். எல்லாரும் "காசு வாங்கேல்லை, எவ்வளவு நல்ல சனம்" எண்டு எழுதிறியள். சந்தோசம்தான். ஆனா ஒரு மறுபக்கமும் இருக்கு.

ரயர் மாத்தித் தாறதுக்கு, தண்ணி தாறதுக்கு, வழி சொல்லுறதுக்கு நாங்கள் காசு வாங்க மாட்டம். அது மனுசத்தனம். ஆனா அரை நாள் கூட்டிக்கொண்டு திரிஞ்சு பறவை காட்டினா அது வேலை. வலைக்குப் போற ஒருத்தரை மறிச்சு ரெண்டு மணித்தியாலம் பிள்ளையளுக்குக் காட்டச் சொன்னா அவற்ர அண்டைய இறால் போயிடும். அதைக் கேட்டு, கணக்குப் பேசி, குடுத்திட்டுப் போங்கோ. வெக்கப்பட்டு ஒருத்தரும் வாய் திறந்து கேக்க மாட்டினம். போன மாசம் ஒரு குடும்பம் என்னை விடிய அஞ்சு மணியிலயிருந்து பத்து மணி மட்டும் கொண்டு திரிஞ்சிட்டு, "அண்ணை நல்ல மனுசன்" எண்டு முதுகில தட்டி, பெற்றோல் காசு மட்டும் தந்திட்டுப் போச்சுது. பிள்ளைக்குக் கொப்பி வாங்க வைச்சிருந்த நாள் அது.

#11 வடலி (கோண்டாவில்)

மூண்டுசில்லு அண்ணை, நீங்கள் எழுதினதை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். அந்த வலைக்கார ஐயாவும் எங்களோட அரை மணித்தியாலம் இருந்தவர். அவற்ர வேலை சுணங்கினதை நான் யோசிக்கவேயில்லை. அடுத்த கிழமை போய் அவரிட்ட இறால் வாங்கிறன், பேரம் பேசாமல்.

இடம் சொல்லுறது பற்றி. உள்ளானும் அக்காவும் எழுதினதை ரெண்டு நாளா யோசிச்சன். நான் அந்தப் பறவையளை வரைபடத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கேல்லை. கண்டுபிடிச்ச உடனயே எழுப்பியும் விட்டன். பிறகு வடிவாப் பாத்தது அந்த ஐயா இருத்தின இடத்திலயிருந்துதான். வரைபடத்தில ஒரு குத்தை மட்டும் பாத்து வாறவனுக்கு, கதவை மெதுவாச் சாத்து எண்டு சொல்ல ஆளில்லை. அதால இடத்தை எடுத்திட்டன்.

அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். தனங்கிளப்புப் பக்கம் விடிய தேத்தண்ணிக்கடை திறக்கிற நேரத்துக்குப் போங்கோ. வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் வாங்கிக்கொண்டு, "இண்டைக்குப் பறவை எந்தப் பக்கம்?" எண்டு கேளுங்கோ. தண்ணி ஏற இறங்க அதுகளும் மாறும். நான் சொல்லுற இடம் அண்டைக்குப் பிழைச்சுப் போகவும் கூடும். கடையில இருக்கிறவைக்கு அண்டைய நிலவரம் தெரியும். கழிப்பறைக்குச் சாவகச்சேரி ரவுணிலயே போயிட்டு வாங்கோ. பிறகு சுகமில்லை.

#12 உள்ளான் (சாவகச்சேரி)

அக்கா, உங்களை அவையோட சேத்துச் சொன்ன மாதிரிப் பட்டிருந்தா மன்னியுங்கோ. நீங்கள் வாற கிழமை நான் ஊரில நிண்டா தொலைநோக்கி தாறன். பிள்ளையளுக்கு அளவான சின்னன் ஒண்டு இருக்கு.

இன்னொண்டு, எல்லாருக்கும்: சுண்டிக்குளம் போக யோசிக்கிறவை கவனம். 1938 இலயிருந்து சரணாலயம், 2015 இலயிருந்து தேசிய பூங்கா. பறவைக்கு அதைவிட நல்ல இடம் வடக்கில குறைவு. ஆனா போற வழியில முகமாலை, பளைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டா றோட்டை விட்டு ஒரு அடியும் இறங்காதையுங்கோ. அவசரத்துக்கு ஒதுங்கவும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத காணித்துண்டுகள் இருக்கு. தேசிய பூங்காவுக்குள்ள ட்ரோனுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும்.

#13 ரெண்டு பிள்ளையின் அம்மா (ஸ்காபரோ)

நேற்றுப் போயிட்டு வந்தனாங்கள். இன்னும் நித்திரை வரேல்லை, அதால இப்பவே எழுதிறன்.

அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலத்தில இறங்கிக் கொஞ்ச நேரம் நிண்டம். பிள்ளையளுக்குச் சொன்னன், இதால நடந்துதான் போனனாங்கள் எண்டு. மகள் ஒண்டும் சொல்லேல்லை, கையைப் பிடிச்சாள்.

தேத்தண்ணிக்கடையில நான் வாயைத் திறக்க முன்னமே மகன் தன்ர தமிழில கேட்டான்: "பறவை எந்தப் பக்கம்?" கடையில நாலு பேர் இருந்தவை, நாலு பேரும் எழும்பிட்டினம். அதில ஒருத்தர், வலைக்குப் போட்டுத் திரும்பி வந்தவர், கூட்டிக்கொண்டு போறன் எண்டார். மூண்டுசில்லு அண்ணை எழுதினது ஞாபகத்தில இருந்தது. ஐயா, உங்கட நேரத்துக்கு நாங்கள் தரத்தான் வேணும் எண்டு முதலே சொன்னன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "சரி பிள்ளை, அப்ப ஆறுதலாப் பாப்பம்" எண்டார். சொன்ன மாதிரி ரெண்டரை மணித்தியாலம் காட்டினார்.

கரண்டிவாயன், சங்குவளை நாரை, கூழைக்கடா, குச்சி மாதிரிச் சிவத்தக் காலோட நெடுங்கால் உள்ளான். பேர் எல்லாம் அவர் தன்ர பேரிலயும் சொன்னார், மகள் ரெண்டையும் எழுதினாள். பூநாரை தூரத்தில்தான் நிண்டுது. மகன் எண்ணி 212 எண்டான். ஐயா சிரிச்சுப்போட்டு, "தலையைத் தண்ணிக்குள்ள விட்டிருக்கிறதை விட்டிட்டாய் ராசா" எண்டார். திரும்பவும் முதலிலயிருந்து எண்ணினவை, ரெண்டு பேருமாச் சேந்து. 260 தாண்ட ஒண்டு நடந்து போய்க் கணக்குக் குழம்பிப் போச்சுது. எண்ணி முடியும் மட்டும் ஒரு பறவைகூட எழும்பேல்லை.

வெளிக்கிடேக்க அவற்ர வீட்டடியில நிண்டு பனங்கிழங்கு சாப்பிட்டம். அவிச்ச சூட்டோட, மிளகும் உப்பும் இடிச்சுப் போட்டது. என்ர மகள் நார் உரிக்கப் பழகீட்டாள். காசை வாங்கினார். ஆனா கிழங்குக்கு வாங்கேல்லை. அது வேறயாம்.

ஒரு உதவி. மகன் தன்ர நீலத் தொப்பியை அங்கயே விட்டிட்டு வந்திட்டான். இப்பத்தான் கண்டது. நாளைக்கு விடியக் கொழும்புக்கு வெளிக்கிடுறம். ஆராவது அந்தப் பக்கம் போறியளோ?

#14 வடலி (கோண்டாவில்)

வாற சனி இறால் வாங்கப் போறன் அக்கா. நீங்கள் சொல்லுறதைப் பாத்தா அது அதே ஐயா மாதிரித்தான் இருக்கு. தொப்பியை எடுத்து அனுப்பிவிடுறன். விலாசத்தைத் தனிமடலில போடுங்கோ. என்ர பெடியன் கேக்கிறான், 260 க்குப் பிறகு எத்தினை எண்டு.